கிராம சபையில் தூக்கிய கை

எனக்கு வாய் அதிகம் என்று என் புருஷன் சொல்வார். உண்மைதான். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரகடத்துக்கு வேலைக்கு வந்து, ஹாஸ்டலில் தங்கி, கூட வேலை பார்த்த உள்ளூர்க்காரரையே கட்டிக்கொண்டு, வல்லக்கோட்டைக்கு அந்தப் பக்கம் இந்த ஊரிலேயே நின்றுவிட்டவள் நான். இத்தனை வருஷத்தில் பேச்சு கொஞ்சம் மாறியிருக்கிறது, கோபம் மாறவில்லை. மாநில சுயாட்சி என்ற சொல்லைத் தெருமுனைக் கூட்டங்களில் கேட்டு வளர்ந்தவள். எங்களைக் கேட்காமல் எங்களுக்கு எங்கோ முடிவெடுக்கிறார்கள் என்றால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும்.

கம்பெனியில் ஒருமுறை தீ விபத்துப் பயிற்சி நடத்தினார்கள். ஸ்பீக்கரில் இந்தியிலும் இங்கிலீஷிலும் மட்டும் சொன்னார்கள். லைனில் நின்றவர்களில் பாதிப் பேருக்கு எந்தக் கதவு வழியாக ஓட வேண்டும் என்றே தெரியவில்லை. நான் நேரே சூப்பர்வைசரிடம் போனேன். "எங்க மண்ணுல எங்களுக்கு என்ன வேணும்னு நாங்கதான் சொல்லணும். தமிழ்ல சொல்லுங்க" என்று கத்தினேன். அடுத்த பயிற்சியில் தமிழும் வந்தது. ஊரில் அதே பேச்சு. தண்ணி லாரி ஓட்டும் பக்கத்துத் தெருக்காரர் என் புருஷனை வழியில் நிறுத்தி, "உன் சம்சாரம் சொன்னது கரெக்ட்டுபா" என்றாராம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

எங்கள் மாடி அறையில் அப்போது ஒரு குடும்பம் வாடகைக்கு இருந்தது. வடகிழக்கில் ஏதோ ஒரு மலை அவர்களுக்கு. அவள் என் லைனில் வேலை பார்த்தாள், அவள் புருஷன் வேறு கம்பெனி. மகளை எங்கள் ஊர் அங்கன்வாடியில் சேர்த்திருந்தார்கள். இனி ஊர் ஊராக அலைய முடியாது, பிள்ளை இங்கேயே படிக்கட்டும் என்று அவள் அடிக்கடி சொல்வாள். லைனில் கேட்டுக் கேட்டே தமிழ் கற்றவள் என்பதால், என்னைவிட அசல் உள்ளூர்க்காரியாகப் பேசுவாள். நான் அவளை "ஏட்டி" என்றால், "இன்னாக்கா" என்பாள்.

அவளுடைய மலைக்காரர்கள் போராடி, மாநிலத்துக்குள்ளேயே தங்களுக்கென்று ஒரு சுயாட்சி மன்றம் வாங்கியிருக்கிறார்கள். நிலம், காடு, ஊர் விவகாரம் எல்லாம் அவர்கள் முடிவுதானாம். "கொடுத்து வச்சவங்கட்டி நீங்க" என்றேன். அவள் துணி பிழிந்துகொண்டே, "அப்புறம் எங்க பக்கத்து வூட்டுக்காரங்க போய்ட்டாங்க" என்றாள். எங்கே என்று கேட்டதற்கு, "தெர்லக்கா. அவங்க வேற ஆளுங்க" என்றாள். நான் மேலே கேட்கவில்லை.

கடைக்குப் போனால் அவள் முகத்தைப் பார்த்து நேபாளமா, சீனாவா என்பார்கள். இந்தியா என்பாள். மறுநாளும் அதே கேள்வி, அதே பதில். "எங்க ஊர்ல எங்க ஜனத்து பேரத்தான் சொல்லுவோம். இங்க வந்துதான் இந்தியான்னு சொல்லவே கத்துக்கினேன்" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பு கொஞ்ச நாளில் நின்றுவிட்டது.

ஆடி மாதத்தில் பஸ் ஸ்டாப்பில் ஒரு பெண்ணின் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடினார்கள். பறித்தவர்கள் ஹெல்மெட் போட்டிருந்தார்கள், முகத்தை யாரும் பார்க்கவில்லை. ஆனால் சாயங்காலத்துக்குள் டீக்கடையில் முகம் முடிவாகிவிட்டது. மளிகைக் கடையில் அவளிடம் மட்டும் ஆதார் கார்டு கேட்டார்கள், அரைக் கிலோ உளுந்துக்கு. எங்கள் வீட்டுக்கு எதிரில் பைக்கை நிறுத்திக்கொண்டு நாலைந்து ஆண்கள் உட்கார ஆரம்பித்தார்கள். ஒன்றும் பேச மாட்டார்கள். மொட்டை மாடியில் கயிற்றில் காயும் துணிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். என்ன வேண்டும் என்று கேட்டேன். சும்மாதான் என்றார்கள்.

சுதந்திர தினத்தன்று கிராம சபை. எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. லீவு நாளில் ஜனம் தூங்கத்தான் பார்க்கும், சபைக்கு ஆள் சேராது. அதனால் வாடகைக்கு இருப்பவர்களையும் கூட்டிக்கொண்டுபோய் உட்கார வைப்பார்கள். ஓட்டு இந்த ஊரிலா என்று யாரும் கேட்பதில்லை. அன்றும் என் புருஷன், "மாடில கீறவங்களையும் இட்டுனு வா. தலை கம்மியா கீது" என்றார். அவளும் மகளோடு வந்தாள். கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து, சமுதாயக் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்தோம்.

முதல் தீர்மானம், எங்கள் ஊராட்சியை நகராட்சியோடு சேர்க்கக் கூடாது என்பது. இன்னாக்கா இது என்று கேட்டாள். "நம்ம ஊரை நாமளே பாத்துக்கணும்னு கேக்கோம்" என்று பெருமையாகச் சொன்னேன். கூடமே கை தூக்கியது. நானும் தூக்கினேன், அவளும் தூக்கினாள். அவள் மகளும் மிட்டாய்க் கையைத் தூக்கினாள்.

பிறகு தண்ணி லாரிக்காரர் எழுந்தார். வெளி மாநிலத்துக்காரர்களுக்கு இனி யாரும் வீடு விடக்கூடாது, இருப்பவர்கள் மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும் என்றார். சட்டப்படி இதை எழுத முடியாது என்று ஊராட்சித் தலைவர் தரையைப் பார்த்தபடி சொன்னார். "எழுத வாணாம். கை தூக்குனா போதும்" என்றார் லாரிக்காரர். பிறகு என் பக்கம் திரும்பினார். "எங்க மண்ணுல எங்களுக்கு இன்னா வேணும்னு நாங்கதான் சொல்லணும்." இரவல் வாங்கிய பாத்திரத்தைத் திருப்பித் தருகிறவர் போலச் சிரித்தார்.

எழுந்துவிட்டேன். "நான் கேட்டது ஸ்பீக்கர்ல தமிழு. யார் வீட்டுல யார் இருக்கணும்னு கேக்கல" என்றேன்.

"நீ உக்காரும்மா" என்றார் அவர் சாவகாசமாக. "நீயே திருநெல்வேலி. உங்களப் பத்தி அப்பால பேசலாம்."

கூடம் சிரித்தது. என்னோடு தினமும் கம்பெனி பஸ்ஸில் வருகிறவர்களும் சிரித்தார்கள். என்னோடு ஹாஸ்டலில் இருந்து, இங்கேயே கல்யாணம் பண்ணிக்கொண்ட மதுரைக்காரியும் சிரித்தாள். எனக்கு முதல்முறையாக இந்த ஊரில் பயம் வந்தது.

கைகள் உயர்ந்தன. என் புருஷனின் கை காதுவரை போய், சொறிவதுபோல அங்கேயே நின்றது. நான் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டேன். பக்கத்தில் திரும்பினால், அவள் கையை நேராகத் தூக்கியிருந்தாள். "ஏட்டி, கையை இறக்கு" என்று முந்தானையைப் பிடித்து இழுத்தேன். இறக்கவில்லை. லாரிக்காரர் போதும் என்று சொன்ன பிறகுதான் இறக்கினாள்.

வீட்டுக்கு வந்ததும் மாடிக்கு ஓடினேன். அவள் ஏற்கெனவே துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் அடுப்பைத் துடைத்து அட்டைப்பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். "புரியாம கையத் தூக்கிட்டு, இப்ப எதுக்குட்டி மூட்டை கட்டுத? இது என் வீடு. எவன் வந்து கேக்கான்னு பாக்கேன்" என்று கத்தினேன்.

"எல்லாம் புரிஞ்சுதுக்கா" என்றாள்.

மகளின் சின்னச் சட்டை ஒன்றை மடித்து வைத்துவிட்டுச் சொன்னாள். "எங்க ஊர்லயும் இதே மாரி கூட்டம் போட்டாங்க. பக்கத்து வூட்டுக்காரங்க போவணும்னாங்க. எல்லாரும் கை தூக்குனாங்க. எங்கப்பா மட்டும் தூக்கல. அவங்க போய்ட்டாங்க. அடுத்த கூட்டத்துல எங்கப்பா பேர எடுத்தாங்க. அதான் நான் இங்க கீறேன்."

அட்டைப்பெட்டியிலிருந்து அடுப்பை வெளியே எடுக்கக் குனிந்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ கை தூக்கலக்கா. நான் பார்த்தேன். அந்த லாரிக்காரரும் உன்னியேதான் பார்த்துகினு இருந்தாரு."

மறுநாள் ஷேர் ஆட்டோவில் போனார்கள். எங்கே என்று சொல்லவில்லை, நானும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்கவில்லை. அந்த அறை பூட்டியே கிடக்கிறது. மொட்டை மாடிக் கயிற்றில் இப்போது எங்கள் துணிகள் மட்டும்தான் காய்கின்றன. எதிரில் பைக்கை நிறுத்திக்கொண்டு அந்த ஆண்கள் இன்னும் உட்கார்ந்திருக்கிறார்கள், மேலே பார்த்துக்கொண்டு.