வெர்லினின் பனி பார்க்காத பனிவண்டி

வெர்லின் ஹாக்ஸ்டாடின் ஸ்னோமொபைல் என்கிற பனிவண்டி பதினோரு வருஷமாகப் பனியைத் தொட்டதில்லை. மினசோட்டாவின் வடகோடியில் இருக்கும் எல்ம் ஃபோர்க்கில் ஐந்து மாதம் முழங்காலளவு பனி கிடக்கும். அந்த ஐந்து மாதமும் வண்டி, ஹீட்டர் போட்ட ஷெட்டுக்குள் போர்வை போர்த்திக்கொண்டு தூங்கும். அவன் மனைவி ஆர்டிஸின் கார் வாசலில் நிற்கும். காலை ஐந்தரைக்கு அவள் கார்க் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டுகிற சத்தத்தில்தான் தெருவே கண் விழிக்கும்.

வண்டி வெளியே வருவது கோடையில், புல்லில் பந்தயம் ஓடுவதற்கு. அறுத்த வயலில் இரண்டிரண்டு வண்டியாக நிறுத்துவார்கள். ஐந்நூறு அடி தூரம். பச்சை விளக்கு எரிந்ததும் பறக்க வேண்டும், ஆறு வினாடிக்குள் முடிந்துவிடும். இந்த ஆறு வினாடிக்காகத்தான் பால் லாரி ஓட்டும் ஐம்பத்தாறு வயது மனிதன் வருஷம் முழுக்க உயிர் வாழ்ந்தான்.

தொல்லை என்னவென்றால் சூடு. பனிவண்டி ஓடும்போது அடியில் சுழலும் ரப்பர் பட்டை அள்ளி வீசுகிற பனி அடிவயிற்றில் பட்டு, இன்ஜினைச் சுற்றி ஓடும் தண்ணீரை ஆற்றும். புல்லை அள்ளி வீசினால் எது ஆறும்? அதனால் ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் தள்ளுவண்டியில் ஒரு தொட்டியைக் கொண்டுவந்து, ஐஸ் தண்ணீரை இரண்டு குழாய் வழியாக இன்ஜினுக்குள் பம்பு வைத்துச் சுற்ற விடுவார்கள். முதல் வருஷமே சூட்டில் பிஸ்டன் ஓட்டையாகிப் போனதிலிருந்து வெர்லினுக்கு இதில் கிறுக்கே பிடித்துவிட்டது. பாலையும் இன்ஜினையும் அவன் ஒரே கண்ணால் பார்த்தான். எவ்வளவு குளிர்ந்தாலும் அவனுக்குப் போதாது.

பதினோரு வருஷத்தில் ஒரு கோப்பைகூட வரவில்லை. அந்த வருஷம் ஏப்ரலில் ஆர்டிஸ் சொல்லிவிட்டாள்.

"இந்த வருஷமும் கப்பு வரலைன்னா வண்டி வெளிய, கார் உள்ள."

"சரி."

"கை குடு."

கொடுத்தான். எல்ம் ஃபோர்க்கில் கை கொடுத்தால் கொடுத்ததுதான். பத்திரம் எழுதினால்கூட அங்கே அவ்வளவு மதிப்பு கிடையாது.

செப்டம்பரில் கடைசிப் பந்தயம். மண்டை பிளக்கிற வெயில். ஆச்சரியம் என்னவென்றால், வெர்லின் மூன்று சுற்று ஜெயித்து முதல் முறையாக இறுதி ஓட்டத்துக்கு வந்துவிட்டான். எதிராளி வேறு யாருமில்லை, ஆர்டிஸின் தம்பி ரோலண்ட். வீட்டில் ஏற்கெனவே நாலு கோப்பை வைத்திருக்கிறவன்.

இறுதி ஓட்டத்துக்கு அரை மணி இருக்கும்போது வெர்லினின் தொட்டியில் ஐஸ் கரைந்து தண்ணீர் வெந்நீராகக் கிடந்தது. வாங்கப் போனால் எங்கேயும் ஒரு பை இல்லை. காலையிலேயே ரோலண்ட் பெட்ரோல் பங்கிலும் மைதானக் கடையிலும் இருந்ததை எல்லாம் அள்ளிக்கொண்டு போய்விட்டான்.

"எதுக்குடா உனக்கு இவ்வளவு ஐஸ்? பொணம் வச்சிருக்கியா?"

"உன் இன்ஜினோட பொணத்துக்குத்தான் மச்சான். அப்புறம் கிடைக்காதுன்னு முன்கூட்டியே வாங்கி வச்சேன்."

பியர்க் கடைக்காரனிடம் கேட்டதற்கு அவன் முகத்துக்கு நேரே சிரித்தான். தூண்டிலுக்கு மீன்குஞ்சு விற்கிறவன் மட்டும் இரக்கப்பட்டு, நாற்றமடிக்கிற ஐஸ் அரை வாளி கொடுத்தான். அதையும் வாங்கி ஊற்றினான் வெர்லின். இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் அசையவில்லை. மைதானத்தில் மிச்சம் ஐஸ் இருந்த இடம் ஒன்றே ஒன்று: சர்ச்சுக்காரர்கள் எலுமிச்சை ஜூஸ் விற்கும் பந்தல். அதை நடத்துகிறவள் ஆர்டிஸ்.

தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றான்.

"சின்ன கிளாஸா, பெரிசா?"

"ஐஸ்."

"ஜூஸுல போட்டா?"

"சும்மா ஐஸ். இருக்கறது எல்லாம்."

வரிசையே கொல்லென்று சிரித்தது. "குடுக்காத ஆர்டிஸ்! இன்னும் இருபது நிமிஷத்துல உனக்கு ஷெட்டு வந்துரும்!" என்று பின்னாலிருந்து குரல் கொடுத்தவர் பாதிரியார்.

ஆர்டிஸ் கையைத் துடைத்துக்கொண்டு புருஷனைப் பார்த்தாள். "ஐஸ் குடுக்காம தோக்கடிச்சேன்னு சாகிற வரைக்கும் சொல்லிக் காட்டுவ. அந்த இழவ யாரு கேக்கறது? அந்தப் பக்கம் பிடி."

இருவருமாகப் பந்தலின் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அவன் தொட்டியில் கொட்டினார்கள். பம்பு ஓடியது. முள் சரசரவென்று இறங்கி நூறு ஃபாரன்ஹீட்டில், மனுஷ உடம்புச் சூட்டளவில், வந்து நின்றது.

"போதும்," என்றாள் ஆர்டிஸ்.

"இன்னும் கொஞ்சம்."

"போதும்யா. ரொம்பக் குளிர்ந்தா சிலிண்டர் சுருங்கிக் கிடக்கும், உள்ள பிஸ்டன் மட்டும் சூடேறி உப்பும், கவ்விக்கும். நீதானே பதினோரு வருஷமா சோத்துத் தட்டு முன்னாடி உக்காந்து சொன்ன?"

"சொல்றது வேற. சூடுதான் கொல்லும். அறுபதுக்கு இறக்கணும்."

அவள் இரண்டு குழாயையும் வெடுக்கென்று பிடுங்கித் தோளில் மாட்டிக்கொண்டு பந்தலைப் பார்த்து நடந்தாள். அதே நேரம் புறப்படும் கோட்டுக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார்கள்.

"எல்லாரும் பாருங்க! ஷெட்டுக்காக என் வண்டியக் கொல்றா!" என்று கத்தினான் வெர்லின்.

"ஆமா, ஷெட்டு வேணும்தான்," என்றாள் திரும்பாமலே. "நீ நேரா ஓட்டு."

பக்கத்துத் தடத்தில் ரோலண்ட் கடைசி வினாடி வரை பம்பு அடித்துக்கொண்டிருந்தான். அத்தனை ஐஸையும் காசு போட்டு வாங்கியாயிற்றே, வீணாக்க மனசு வருமா? அவன் இன்ஜினுக்கு மேலே குளிர்ந்த பியர் பாட்டில் மாதிரி வியர்த்திருந்தது.

பச்சை விழுந்தது. முந்நூறு அடிவரை ரோலண்ட் அரை வண்டி முன்னால். வெர்லினுக்கு ஷெட் கண்ணெதிரே காலியாகிக்கொண்டிருந்தது. அப்போது பக்கத்தில் கிறீச்சென்று ஒரு சத்தம். ரோலண்டின் வண்டி ஆணி அடித்த மாதிரி மூக்கைக் குத்தி நின்றது. வெர்லின் தாண்டிப் போய்க் கோட்டைக் கடந்தபோது அவன் முள் சிவப்பைத் தொட இன்னும் ஒரு விரல்கடை இருந்தது.

"கவ்விருச்சு மச்சான்," என்றான் ரோலண்ட், வயலில் உட்கார்ந்தபடி.

"மிச்ச ஐஸ் இருந்தா தலையில வச்சுக்கடா."

கோப்பையைத் தூக்கிக்கொண்டு நேரே பந்தலுக்குப் போனான். அங்கே வெதுவெதுப்பான ஜூஸைக் கையில் வைத்துக்கொண்டு ஊரே முணுமுணுத்தது. அவன் கோப்பையை மேசைமேல் வைத்தான். மன்னிப்புக் கேட்க வாயெடுத்து, அது வராமல், "வண்டி உள்ளதான் இருக்கும்," என்றான்.

"தாராளமா இருக்கட்டும்," என்றாள் ஆர்டிஸ். "போன வாரமே அளந்துட்டேன். வண்டி நாலடி அகலம். உன் பட்டறை மேசையும், மான்கறி ஃப்ரீசர் ரெண்டும் வெளிய போனா கார் பக்கத்துலயே நிக்கும்."

"மேசையா? மேசையப் பத்திப் பேச்சே இல்லையே!"

"அதத்தான் நானும் சொல்றேன். கை குடுத்தது வண்டிக்கு மட்டும்தானே."

வெர்லின் அந்த ஏப்ரல் பேச்சை ஒவ்வொரு வார்த்தையாக மனசுக்குள் புரட்டிப் பார்த்தான். தப்பிக்க ஒரு சந்துகூட இல்லை.

"நகருய்யா," என்று பின்னாலிருந்து யாரோ இடித்தார்கள். "இந்த வெந்நீரையாவது வாங்கிட்டுப் போறோம்."