சுன் கோசிக்கு முன் வட்டுவாகல்

என் கைபேசியில் ஆறுகளின் பட்டியல் ஒன்று இருக்கிறது. பாறைகளுக்கிடையே நுரைத்துப் பாயும் வெள்ளைநீரில் கயாக் ஓட்டுகிற எல்லோரிடமும் இப்படி ஒன்று இருக்கும். சிலர் மனதில் வைத்திருப்பார்கள். நான் அட்டவணையாக வைத்திருக்கிறேன்: ஆறு, நாடு, போகக்கூடிய மாதம், கடினம், வீசா.

பேரருவி ஒன்றின் கீழே பள்ளத்தாக்குக்குள் ஓடும் சாம்பேசி. உகண்டாவில் வெள்ளை நைல். அங்கே அலை பெரிது, தண்ணீர் குளிராது. சிலியில் ஃபுடலேஃபு, படங்களில் பார்த்தால் சாயம் கரைத்தது போல நீலம். கொலராடோவுக்கு அனுமதி கிடைக்கவே நெடுங்காலம் காத்திருக்க வேண்டும். முதல் வரியில் நேபாளத்தின் சுன் கோசி. மலைக்குள் இறங்கி, இரவுகளில் ஆற்றங்கரை மணலில் படுத்து எழும்பி, கடைசியில் சமவெளிக்கு வந்து சேருகிற பயணம். அது எல்லாவற்றிலும் பெரிய ஆறு என்பதற்காக முதல் வரியில் வைக்கவில்லை. நான் உண்மையாகவே போகக்கூடியது அது ஒன்றுதான்.

நான் முல்லைத்தீவுக் கரையில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவள். வேலை கிளிநொச்சியில், நீர்ப்பாசனப் பக்கம், தொழில்நுட்ப உத்தியோகத்தர். வன்னியில் வெள்ளைநீர் கிடையாது. நிலம் தட்டை. எங்கள் ஆறுகள் மாரியில் மட்டும் ஆறுகள், மற்ற மாதங்களில் மாடு நடக்கிற மணல் பாதைகள். வேலைப் பயிற்சி ஒன்றுக்காக, மலைநாட்டில் வெள்ளைநீர் ஓடும் கித்துல்கல போனபோதுதான் முதன்முதல் கயாக்கில் இருந்தேன். பிறகு லீவு கிடைத்த போதெல்லாம் போனேன். அங்கே கழித்துவிட்ட பழைய சிவப்புக் கயாக் ஒன்றை வாங்கி, மரக்கறி லொறியின் மேலே கட்டி ஊருக்குக் கொண்டு வந்தேன்.

எனக்கு வராமல் இருந்தது ஒன்றுதான். கயாக் கவிழ்ந்தால் தலை தண்ணீருக்குள், கால் படகுக்குள். படகை விட்டு வெளியே வராமல், துடுப்பை நீர்மட்டத்தில் வைத்து, இடுப்பால் படகைப் புரட்டி நிமிர வேண்டும். நின்ற தண்ணீரில் செய்வேன். ஓடுகிற தண்ணீரில் ஒவ்வொரு முறையும் பதறி வெளியே வந்து நீந்தியிருக்கிறேன்.

கித்துல்கலவில் எனக்குக் கயாக் பழக்கியவர் அடுத்த வருடம் சுன் கோசிக்கு ஒரு சிறிய குழுவைக் கூட்டிப் போவதாக இருந்தார். ஒரு இடம் மிச்சம் இருந்தது.

“தங்கச்சி, நின்ன தண்ணியில எழும்புறது கணக்கில்ல,” என்றார் போனில். “ஓடுற தண்ணியில ஒரு வீடியோ அனுப்புங்க. வெட்டி ஒட்டாம. ஞாயித்துக்கிழமைக்குள்ள.”

“இல்லாட்டி?”

“இல்லாட்டி வேற ஆள் கேட்டுக்கிட்டிருக்கு.”

அப்போது மாரி. மலைநாட்டு வீதிகளில் மண்சரிவு. கித்துல்கல போக வழியில்லை. ஓடுகிற தண்ணீரை ஊரிலேயே தேட வேண்டியிருந்தது.

முதலில் குளத்து வானை, நிரம்பிய தண்ணீர் வழிந்து வெளியேறும் இடத்தை, பார்த்தேன். இரணைமடுக் குளத்தில் வான்கதவுகள் திறந்திருந்தன. என்னோடு வேலை செய்கிற தோழியும் வந்தாள். முல்லைத்தீவு முஸ்லிம் பிள்ளை, எதற்கும் ஒரு பகிடி வைத்திருப்பாள். கதவால் பாய்ந்த தண்ணீர் கீழே கொங்கிறீட் தொட்டியில் விழுந்து, தன் மேலேயே திரும்பிச் சுருண்டு நுரைத்தது. எங்கள் தொழிலில் அது நல்ல சுருள். தண்ணீரின் பலமெல்லாம் அங்கேயே செலவாகி, கரையை அரிக்காமல் அமைதியாக வெளியே போகும். கயாக் ஓட்டுகிறவர்களுக்கு அதைவிடக் கெட்ட இடம் இல்லை. திரும்பிச் சுருளுகிற அலை உள்ளே போனதை விடாது.

“ஏன்டி, இவ்வளவு வெள்ளையா நுரைக்குது, இது காணாதா?” என்றாள் தோழி.

“இதுக்குள்ள போனா வெளியால வராது.”

“வீடியோவா, நீயா?”

“ரெண்டும்.”

வானுக்குக் கீழே ஆறு பற்றைக்குள்ளாலும் முட்கம்பி வேலிகளுக்குள்ளாலும் ஓடியது. கம்பிக்குள்ளால் தண்ணீர் போகும், ஆள் போகாது. இரண்டு இடத்தையும் கணக்கிலிருந்து கழித்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மாமா போன் எடுத்தார். அம்மாவின் தம்பி, நந்திக்கடலில் மீன்பிடித் தொழில் செய்கிறவர்.

“நாளைக்கு வட்டுவாகலில முகத்துவாரம் வெட்டினம். இந்தமுறை மண் வெட்ட பெக்கோ மிசின் வருது.”

நந்திக்கடல் பெயரில்தான் கடல், உண்மையில் களப்பு, உப்புநீர் ஏரி. அதற்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மணல்திட்டு. மாரியில் களப்பு நிரம்பி வயலுக்குள் ஏறும். வெட்டு என்று வயல்காரர் நிற்பார்கள். இறால் போய்விடும், பொறு என்று மீன்பிடித் தொழிலாளிகள் நிற்பார்கள். ஒவ்வொரு வருடமும் அந்தச் சண்டை முடிந்த பிறகுதான் திட்டு வெட்டப்படும். வெட்டினால் களப்பு முழுவதும் அந்த ஒரு வாயால் கடலுக்குப் பாயும். சின்ன வயதிலிருந்து பார்த்த காட்சி. போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான், அந்த வாயின் நடுவில் அலைகள் ஓடாமல் ஒரே இடத்தில் நின்று எழும்பியது நினைவில் வந்தது. அது வெள்ளைநீர். வன்னியில், வருடத்தில் ஒரு நாள் மட்டும்.

“மாமா, நான் அதுக்குள்ள என்ர வள்ளத்தை இறக்கப் போறன்.”

“எந்த வள்ளம்?”

“சிவப்பு.”

“அது வள்ளமில்லைப் பிள்ளை. மாட்டுக்குத் தண்ணி வைக்கிற தொட்டி.”

என்றாலும் வந்தார். வாய் அகன்று கடலைத் தொடுகிற இடத்தில், ஓரமாகத் தன் வள்ளத்தை நங்கூரம் போட்டு, கூட்டாளி ஒருவரோடு நின்றார். கரையில் இரண்டு பேர் கயிறோடு. தோழி மணல்மேட்டில் கைபேசியோடு. காலையில் வெட்டிய வாய் மத்தியானத்துக்குள் பெரிதாகி, முதல் வேகம் அடங்கியிருந்தது. தலைக்கவசம், மிதவை அங்கி, படகுக்குள் தண்ணீர் புகாமல் இடுப்பைச் சுற்றி மூடும் ரப்பர் பாவாடை. எல்லாவற்றையும் சரிபார்த்தேன்.

சரிபார்க்க முடியாதது மாமாதான். எங்கள் கரையில் ஒரு வள்ளம் கவிழ்ந்து தலை ஒன்றும் தெரியாவிட்டால், யாரும் யோசிப்பதில்லை, குதிப்பார்கள். எங்கள் வீட்டிலும் தண்ணீருக்குப் பலியான ஆட்கள் இருக்கிறார்கள். நான் கேட்டதோ, கவிழ்ந்த என்னைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கும்படி.

“மணிக்கூட்டைப் பாருங்கோ, மாமா.”

“மணிக்கூட்டைப் பார்த்தா உன்னை ஆர் பார்க்கிறது?”

“அப்ப ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லுங்கோ. சொல்லி முடிஞ்சும் நான் நிமிரேல்லை எண்டா வாங்கோ.”

முதல்நாள் அறைக்குள் அந்தச் செபத்தை நான் சொல்லிப் பார்த்திருந்தேன். இரண்டு முறை முயன்று பார்க்கப் போதுமான நேரம்.

முதல் அலை என்னைத் தூக்கியது, இரண்டாவது கவிழ்த்தது. உள்ளே மண்ணிறம், மூக்கில் மணல், காதில் லொறி ஓடுவது போல இரைச்சல். துடுப்பை வீசினேன். பாதி எழும்பித் திரும்பவும் விழுந்தேன். பதறவில்லை. துடுப்பைத் திரும்பவும் முன்னால் கொண்டு வந்துகொண்டிருந்தபோது ஒரு கை என் அங்கியைப் பிடித்து, படகோடு சேர்த்து என்னை வள்ளத்தில் சாய்த்தது.

“மாமா! செபம் சொல்லேல்லையோ?”

“சொல்லி முடிச்சிட்டன்!”

“எந்த வேகத்தில?”

மாமாவின் கூட்டாளி சிரித்துவிட்டார். “தங்கச்சி, அருள் எண்டு துவங்கினார், ஆமென் எண்டார். நடுவில எனக்கு ஒண்டும் கேக்கேல்லை.”

எனக்கு விளங்கியது. எங்கள் வீட்டுச் செபமாலை வேகம் அது. சோறு ஆற முதல் ஐம்பத்து மூன்று ‘அருள் நிறைந்த மரியே’யையும் முடித்துவிடுவார்கள். என் வேகத்தில் அளந்துவிட்டு அவர் கையில் கொடுத்திருக்கிறேன். அளவுகருவியைச் சரிபார்க்காமல் வயலுக்குக் கொண்டு போவது போன்ற பிழை.

மணல்மேட்டில் தோழி வீடியோவைப் போட்டுக் காட்டினாள். “இதை அனுப்பு. மாமாவை எடுப்பாங்க.”

வாயின் இரு பக்கமும் மணல் இடிந்து விழுந்துகொண்டிருந்தது. அகலம் கூடக்கூட அலை தணிந்தது. இன்னும் ஒரு தரம், அவ்வளவுதான். வள்ளம் நின்ற ஓரத்துக்குப் போனேன்.

“மாமா, இப்ப விசுவாசப் பிரமாணம் சொல்லுங்கோ, அது நீளம். ஆறுதலா.”

“அது எனக்கு முழுக்கப் பாடமில்லை.”

“பாடமானமட்டும் சொல்லுங்கோ.”

“பிள்ளை.” தண்ணீரைக் கையால் காட்டினார். “நீ கவிண்டு கிடக்கிறதை நான் பார்த்துக்கொண்டு நிக்கேலாது.”

“பார்க்காதேங்கோ. சொல்லுங்கோ.”

அவர் வள்ளத்தின் குறுக்குப் பலகையில் இருந்து, இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

கயாக்கை மணலில் இழுத்து மேலே கொண்டு போனேன். இந்த முறை அலை கவிழ்க்கும்வரை நிற்கவில்லை, நானே சாய்ந்தேன். முதல் முயற்சி திரும்பவும் பிழைத்தது. தலையை முதலில் தூக்கப் பார்த்தேன், மூச்சுக்கு அவசரப்படுகிற எல்லோரும் செய்கிற பிழை. உள்ளே போனேன். துடுப்பை வைத்தேன். இடுப்பு, பிறகு தோள், கடைசியாகத் தலை. வெளிச்சம் வந்தது. படகு நிமிர்ந்து வள்ளத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

மாமா கண்ணை இறுக்கி மூடியிருந்தார். உரத்த குரலில் ஒரு சொல்லையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். “பாடுபட்டு, பாடுபட்டு, பாடுபட்டு.”

“மாமா, வந்திட்டன்!”

கண்ணைத் திறந்தார். சிரிக்கவில்லை. தொடைக்குக் கீழே இருந்த கைகளை எடுத்து, இரத்தம் ஓடுவதற்காக உதறினார்.

வீடியோவை அங்கிருந்தே அனுப்பினேன். மாமா வீட்டில் உடுப்பு மாற்றிவிட்டு வெளியே வரும்போது பதில் வந்திருந்தது. “சரி. பாஸ்போட் கொப்பி அனுப்புங்க.” பட்டியலின் முதல் வரிக்குப் பச்சை நிறம் போட்டேன்.

குசினியில் மாமி தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தா. நடந்ததைத் தோழி நடித்தே காட்டினாள். “பாடுபட்டு” இடத்தில் மாமி நிறுத்தினா.

“ஆருக்குப் பாடமில்லை? உன்ர மாமாவுக்கோ? ஞாயித்துக்கிழமையில கோயில்ல முன்னுக்கு நிண்டு சொல்லிக் குடுக்கிறதே அவர்தானே.”

“அப்ப ஏன் அதிலேயே நின்டுட்டாரு? அதுக்கு அடுத்தது என்ன?” என்று கேட்டாள் தோழி.

மாமியும் நானும் ஒருவரையொருவர் பார்த்தோம். அதற்குப் பிறகு வருவது, ‘மரித்து அடக்கம் செய்யப்பட்டார்’ என்ற வரி.

மாமா முற்றத்தில் கதிரையில் இருந்தார். எங்கள் கதை அவருக்குக் கேட்டிருக்கும். தேத்தண்ணியை ஒரே மிடறில் குடித்துவிட்டு எழும்பிக் கதிரையைத் தூக்கினார்.

“மழை வருது,” என்றார். “அந்தத் தொட்டியை உள்ளுக்கு எடுத்து வையுங்கோ.”