சந்தனம் வைத்த பைனாக்குலர்

எங்கள் பனியன் கம்பெனிக் காவல்காரருக்கு வலது கையில் இரண்டு விரல்கள் மடங்காது. சின்ன முதலாளியின் பைனாக்குலரை ஒருநாள் எடுத்துக் கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டார். அவ்வளவுதான் அவர் செய்த குற்றம். கையைப் படிக்கல்லில் வைக்கச் சொல்லி ஷூக் காலால் மிதித்தார் சின்ன முதலாளி. மிதித்து முடித்ததும், பைனாக்குலரின் தோல்வாரில் பட்டிருந்த வியர்வையைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். நான் மாடிப்படியில் துணிக்கட்டுச் சீட்டுகளோடு நின்றிருந்தேன். எலும்பு முறிந்த ஓசை எனக்குக் கேட்கவில்லை. உள்ளே மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன.

அது ஜெர்மன் பைனாக்குலர். வால்பாறையில் எஸ்டேட்டை விற்றுவிட்டுச் சீமைக்குத் திரும்பிய ஒரு துரையிடம் வாங்கியது. கம்பெனி மொட்டை மாடியில் நின்றால் நொய்யல் கரையில் வெளுத்த துணியைக் காயப்போடும் களம் தெரியும். அங்கே யார் குத்தவைத்து உட்கார்ந்தாலும், யார் பீடி பற்றவைத்தாலும் சின்ன முதலாளிக்கு மாடியிலிருந்தே தெரிந்துவிடும். உடனே புல்லட்டை எடுப்பார். ஈரத்துணி தூக்கும் மூங்கில் கழி களத்திலேயே கிடக்கும். அடிக்க வேறொன்றும் கொண்டுபோக வேண்டியதில்லை.

அப்பா அங்கே பிட்டர். பனியன் துணி நெய்யும் வட்ட மிஷின்கள் எல்லாம் அவர் பொறுப்பு. பள்ளிக்கூடம் போனதில்லை, சம்பளத்துக்குக் கட்டைவிரல்தான் வைப்பார். மகளான நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறி, அதே கம்பெனியில் துணிக்கட்டுகளுக்குச் சீட்டு எழுதும் வேலையில் இருந்தேன். எங்கள் வம்சத்திலேயே எழுத்துப் படித்த முதல் ஆள் நான். இதைச் சொல்லும்போது இன்றும் என் தலை நிமிர்கிறது. அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

அந்த வருட ஆயுத பூஜைக்குச் சின்ன முதலாளி ஊரில் இல்லை. கல்கத்தா வியாபாரிகளைப் பார்க்கப் போயிருந்தார், திங்கட்கிழமை திரும்புவதாகச் சொல்லி. பூஜையன்று மிஷின்களைக் கழுவி, எண்ணெய் விட்டு, சந்தனமும் குங்குமமும் வைப்பது அப்பாவின் வேலை. மிஷின், கத்திரி, தராசு, ஸ்பேனர் என்று ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே வந்தவர், ஆபீஸ் மேசைமேல் இருந்த பைனாக்குலருக்கும் வைத்துவிட்டார். அதை மட்டும் விட்டுவிட்டால் சாமிக் குற்றம் ஆகிவிடும் என்று நினைத்திருக்கிறார். தண்ணீராகக் கரைத்த சந்தனத்தை நடுச் சக்கரத்தில் தடவி, இரண்டு பெரிய கண்ணாடிகளிலும் குங்குமப் பொட்டு வைத்தார்.

மறுநாள் பார்த்தால் சக்கரம் அசையவில்லை. சந்தனம் உள்ளே இறங்கி இறுகியிருந்தது. குங்குமத்தைத் துணியால் தேய்த்தால் சிவப்புச் சாயமாக இழுத்துக்கொண்டு பரவியது.

"ஏனுங்க பிட்டரே, கண்ணுக்கே பொட்டு வெச்சுப்போட்டீங்களே, நெத்திக்கு என்னத்த வெப்பீங்க?" என்றார் இன்னொரு பிட்டர்.

"உனக்குச் சிரிப்பா இருக்குது. திங்கக்கிழமை என்ற வெரலுதான் படிக்கல்லுல இருக்கும்" என்றார் அப்பா. அவர் முகத்தில் இரத்தமே இல்லை.

பைனாக்குலரின் தோல்பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம் இருந்தது. அப்பா அதை எடுத்து, நாலு பேர் முன்னால் என்னிடம் நீட்டினார்.

"என்ற புள்ள இங்கிலீசு படிக்கும். கண்ணு, சுத்தம் பண்றதுக்கு என்ன போட்டிருக்குதுன்னு சொல்லு."

விரித்துப் பார்த்தேன். எழுத்துகள் நான் படித்த எழுத்துகள்தான். ஆனால் ஒரு வார்த்தையும் புரியவில்லை. சில எழுத்துகளின் தலையில் இரட்டைப் புள்ளிகள் வேறு. இது இங்கிலீசே இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நாலு பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கத்தில், பைனாக்குலரைத் துண்டு துண்டாகக் கழற்றிப் பரப்பியதுபோல ஒரு படம் இருந்தது.

"கழட்டிக் கழுவோணும்னு போட்டிருக்குதுங்கப்பா" என்றேன்.

"எதுல?"

"சீமெண்ணெயிலதானுங்க."

"பாத்தீங்களா! படிச்ச புள்ளன்னா இதுக்குத்தானுங்க வேணும்" என்றார் அந்தப் பிட்டர். எனக்கு அது இனித்தது. அதையும் மறைக்கவில்லை.

அப்பா அதை வேட்டித் துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து கழற்றினார். திருகாணிகளை வரிசையாக வைத்தார். உள்ளே இரண்டு குழாய்களிலும் இரண்டிரண்டாக, நான்கு கண்ணாடிக் கட்டிகள். பள்ளிப் புத்தகத்தில் பட்டகம் என்று படம் போட்டிருந்ததே, அது. நான்கையும் எடுத்து, மண்ணெண்ணெய் ஊற்றிய ஒரே தட்டில் போட்டார். மிஷின் ஊசிகளை அவர் அப்படித்தான் கழுவுவார். ஊசிகள் எல்லாம் ஒரே அச்சு; எந்த ஊசியை எந்தக் காடியில் சொருகினாலும் துணி ஓடும். இத்தனை வருடமாக அவர் கைக்குப் பழக்கமான வேலை அது. எது எங்கிருந்தது என்று அவரும் குறிக்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த நானும் சொல்லவில்லை.

திருப்பிப் பூட்டிக் கண்ணில் வைத்தவர், எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். பஞ்சாலைப் புகைபோக்கி ஒன்றுக்கு இரண்டாகத் தெரிந்தது. அதில் ஒன்று சாய்ந்து நின்றது. பழைய கிரீஸ் முழுக்கக் கரைந்துபோனதால் சக்கரம் பிடிமானமின்றிச் சுழன்றது. மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டார். எண்ணெய் உள்ளே ஊர்ந்து கண்ணாடியில் படிந்து, தெரிந்ததும் மங்கிப்போனது.

"எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது அம்மிணி. இதுக்கு என்ன போட்டிருக்குதுன்னு பாரு."

"தெரியாதுங்கப்பா."

"தெரியாதுன்னா?"

"அது இங்கிலீசே இல்லீங்க. வேற ஏதோ பாஷை."

"அப்பக் கழுவோணும்னு சொன்னது?"

"நானாச் சொன்னதுங்க."

அப்பா எழுந்து, ஆணியில் மாட்டியிருந்த பழைய மிஷின் பெல்ட்டை எடுத்தார். அதுவரை அவர் என்னைத் தொட்டுக்கூட அடித்ததில்லை. முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவது முதுகில். எத்தனை என்று தெரியவில்லை, அவர் அடிக்கு அடி, "உன்னைய நம்புனனே! உன்னைய நம்புனனே!" என்றார். அம்மா ஓடிவந்து பெல்ட்டின் நுனியைப் பிடித்தாள். அவர் உதறி இழுத்த வேகத்தில், பெல்ட்டை இணைக்கும் இரும்புக் கொக்கி என் இடது புருவத்தில் இறங்கியது. இரத்தம் கண்ணுக்குள் ஓடியது. நான் அழவில்லை. பெல்ட்டைக் கீழே போட்டுவிட்டு அவர்தான் அழுதார்.

"என்ற கைய வெச்சுத்தான் இந்த ஊடு நிக்குது. அந்தாளு திங்கக்கிழமை வந்து மிதிச்சா, அப்புறம் நாம எல்லாம் என்னத்தத் திங்கறது?"

மறுநாள் காலையில் என் இடது கண் வீங்கி மூடிக்கொண்டது. வலது கண்ணை வைத்துக்கொண்டு பைனாக்குலரை நானே கழற்றினேன். அப்பா தடுக்கவில்லை. பட்டகங்களின் சொரசொரப்பான பக்கத்தில் பென்சில் கோடுகள் இருந்தன. ஒன்றில் ஒரு கோடு, இன்னொன்றில் மூன்று. அவை உட்காரும் இடத்திலும் அதே கணக்கில் மெல்லிய கீறல்கள். மற்ற இரண்டின் கோடுகள் அப்பா அழுத்தித் துடைத்ததில் அழிந்திருந்தன. இரண்டுக்கு இடம் தெரிந்துவிட்டால், மீதி இரண்டை இரண்டே விதமாகத்தான் வைக்க முடியும். மருந்துக்கடையில் ஸ்பிரிட் வாங்கி வந்து எண்ணெயைத் துடைத்தேன். பனியன் துணியில் துடைத்தால் பஞ்சு ஒட்டுகிறது என்று, அம்மா தன் பழைய மெல்லிய வாயில் துணிச் சேலையில் ஒரு துண்டு கிழித்துத் தந்தாள். சக்கரத்துக்கு அப்பா பேரிங் கிரீஸை ஊசிமுனையளவு எடுத்துத் தடவினார். சக்கரம் நிதானமாகச் சுற்றியது.

முதல் விதம் தப்பு. இரண்டாவது விதத்தில் சாய்வு போய்விட்டது, ஆனாலும் புகைபோக்கி இரண்டாகத்தான் நின்றது என்றார் அப்பா. எனக்கு அது தெரிய வழியில்லை. இரண்டு காட்சிகளும் ஒன்றாகச் சேர்கின்றனவா என்று பார்க்க இரண்டு கண்கள் வேண்டும். அவர் எனக்கு ஒன்றைத்தான் விட்டு வைத்திருந்தார்.

பெரிய கண்ணாடியைச் சுற்றி இரண்டு வளையங்கள் இருந்தன. ஒன்றை லேசாகத் திருப்பினால் காட்சி நகர்வதைக் கண்டுபிடித்தேன். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் புழக்கடையில் அவர் கண்ணில் பிடித்துக்கொண்டு நிற்க, நான் வளையத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன். முதுகு எரிந்தது. அவரைப் பார்த்து "அப்பா" என்று நான் ஒரு முறையும் சொல்லவில்லை.

"இப்ப?"

"இன்னும் ரெண்டு."

"இப்ப?"

"கிட்ட வந்துருச்சு. மேலயுங் கீழயுமா நிக்குது."

"இப்ப?"

அவர் பைனாக்குலரை இறக்காமலே நின்றார். "ஒண்ணாயிருச்சு அம்மிணி" என்றார் கடைசியில். "புகைக்கூண்டுல காக்கா உக்காந்திருக்குது, அது மூக்குத் தெரியுது."

எனக்குப் பெருமையாக இருந்தது. அத்தனை வலியிலும்.

திங்கட்கிழமை சின்ன முதலாளி வந்தார். பைனாக்குலரைக் கழற்றியதை யாரோ சொல்லியிருந்தார்கள். எங்கள் இருவரையும் மொட்டை மாடிக்கு வரச் சொன்னார். அப்பா கைகளைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டார். சின்ன முதலாளி பைனாக்குலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஆற்றுப் பக்கம் வைத்துப் பார்த்தார்.

"அட, முன்னைக்கு இப்பத் தெளிவா இருக்குதே! யாரு சரி பண்ணுனது?"

"என்ற புள்ளைங்க சாமி."

களத்தைப் பார்த்துக்கொண்டிருந்த சின்ன முதலாளியின் உடம்பு நிமிர்ந்தது. "அந்த நாய் தூங்குது பாரு" என்று பைனாக்குலரை என் கையில் திணித்துவிட்டுப் படியிறங்கினார். புல்லட் கிளம்பியது.

நான் வலது கண்ணில் வைத்துப் பார்த்தேன். காயும் துணியின் நிழலில் ஓர் ஆள் படுத்திருந்தார். வெளுப்புத் தொட்டியில் நிற்கிறவர். முழங்கால் வரை தோல் உரிந்து வெள்ளையாக இருந்தது. அதுகூடத் தெரிந்தது. புல்லட் வந்து நின்றது. மூங்கில் கழி உயர்ந்தது. ஓசையே இல்லை. அந்த ஆள் எழுவதற்குள் தோளில், பிறகு தலைக்குக் குறுக்கே வைத்த கையில். கை முழங்கைக்குக் கீழே வேறு பக்கமாக மடங்கியது. வாய் திறந்தது. பற்களைக்கூட எண்ணியிருக்கலாம். காய்ந்துகொண்டிருந்த வெள்ளைத் துணியில் சிவப்பாகத் தெறித்தது. நான் பைனாக்குலரை இறக்கவில்லை. அந்தத் தெளிவு என் கை செய்தது.

சின்ன முதலாளி வியர்வையோடு மேலே வந்தார். கையை உதறிக்கொண்டார்.

"இனி மாசாமாசம் நீயே தொடச்சுக் குடு. படிச்ச கையாட்ட இருக்குது."

"மாட்டேனுங்க" என்றேன்.

"என்னது?"

"நான் தொடைக்க மாட்டேனுங்க."

அவர் என்னைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தார். "உன்ற புள்ள என்னப்பா சொல்லுது?"

அப்பா மன்னிப்புக் கேட்பார் என்றுதான் நினைத்தேன். அவர் வேலை அது, அவர் கை அது. கேட்டிருந்தால் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன். அவர் என் மூடிய கண்ணைப் பார்த்தார்.

"அது சொன்னது சொன்னதுதானுங்க."

முதல் குத்து வாயில் விழுந்தது. அப்பா திருப்பி அடிக்கவில்லை. கைகளைத் துண்டோடு கக்கத்தில் இறுக்கிக்கொண்டு விழுந்தார். இரண்டு பேர் வந்து அவரைப் படியில் இழுத்துக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு படியிலும் அவர் குதிகால் அடிபட்டது. என்னைப் பிடரியில் தள்ளினார்கள். அப்பாவின் சாமான் பெட்டியை மாடியிலிருந்தே வீதிக்கு எறிந்தார்கள். அது விழுந்து வெடித்துச் சிதறியது.

வீதியில் எல்லாரும் பார்த்தார்கள். யாரும் குனிந்து ஒரு திருகாணிகூட எடுத்துத் தரவில்லை. நானும் அப்பாவும் மண்டியிட்டுப் பொறுக்கினோம். அப்பா இரத்தத்தோடு ஒரு பல்லைத் துப்பினார்.

"பல்லுங்கப்பா."

"அது போனாப் போகுது. பெரிய ஸ்பேனரைக் காணோம், பாரு."

சாக்கடைக்குள் கையை விட்டுத் துழாவினேன். வெளுப்புத் தண்ணீர் புருவக் காயத்தில் தெறித்து எரிந்தது. ஸ்பேனர் கிடைத்தது. பாவாடையில் துடைத்துக் கொடுத்தேன். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு அவர் அதை வாங்கிக்கொண்டார்.

வீட்டுப் பக்கம் திரும்பாமல் அனுப்பர்பாளையம் ரோட்டில் நடந்தார்.

"எங்கீங்கப்பா?"

"பாத்திரப் பட்டறை எதாச்சும் இன்னும் தொறந்திருக்கும். மொகத்தைக் கழுவிட்டு வேலை கேட்டுப் பாக்கலாம். நீ பேசு. என்ற வாய் வீங்கிப்போச்சு."