ராசன் அண்ணையின் யூட்டும் நாலு தேசிக்காயும்

ராசன் அண்ணை போய்விட்டார். திங்கட்கிழமை விடிய, டூங்கபியில் தன் வீட்டிலேயே. பல் விளக்கிக்கொண்டு நின்றவர் அப்படியே சரிந்திருக்கிறார்... ஹார்ட்.

இரண்டு நாளாக அழுது முடித்துவிட்டேன். இப்போது மிச்சம் இருப்பது கோபம். அதைத்தான் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு டாட்டா காட்டியவள்.

தெரியாதவர்களுக்கு... அண்ணை கார் திருத்துபவர், யூட் ரேஸ் ஓடியவர். யூட் என்றால் இங்கே தச்சரும் பிளம்பரும் பின்னால் சாமான் ஏற்றிக்கொண்டு திரிகிற அதே வண்டிதான். உள்ளே ஒரு இரும்புக் கூடு அடித்து ட்ராக்கில் ஓடவிடுவார்கள்.

எங்கள் டீமில் மூன்று பேர். ஓட்டுவது அண்ணை. சாப்பாடும் சண்டையும் அவர் மனைவி மலரக்கா. மிச்சம் எல்லாம் நான்.

வண்டி, வெள்ளத்தில் முங்கியதென்று ஏலத்தில் விட்டது. ஹீட்டர் போட்டால் சேறு மணக்கும். டயர், மற்ற டீம்கள் கழற்றி எறிந்தது. டென்ட், கோயில் திருவிழாவில் மிஞ்சிய தறப்பாள்.

பக்கத்து டென்ட் ஒரு பிரமுகருடையது. பெயர் சொல்ல மாட்டேன், தமிழ்தான், எங்கள் ஆள்தான். இரண்டு வண்டி, கோப்பி மெஷின், ஆட்களுக்கெல்லாம் ஒரே நிறச் சட்டை.

எங்கள் தறப்பாளைப் பார்த்து, "என்ன ராசன், அன்னதானம் எத்தினை மணிக்கு?" என்பார்.

"பசிச்சா வரிசையில நில்லுங்கோ, உங்களுக்கும் போடுவம்" என்பார் அண்ணை.

ஓடுகிற ட்ரைவருக்குச் சேதி சொல்ல மற்ற டீம்களில் ரேடியோ இருந்தது. எங்களிடம் ஒரு பலகையும் நானும். ட்ராக் ஓரத்தில் நின்று தூக்கிப் பிடிக்க வேண்டும். எனக்கு வருகிற எழுத்து தமிழ்தானே... "மிதியுங்கோ அண்ணை" என்று பெரிதாக எழுதிப் பிடித்தேன்.

முதல் தடவை அதை வாசித்துச் சிரித்து, வளைவைக் கோட்டை விட்டுப் புல்லுக்குள் போய்விட்டார். "பிள்ளை, ரேஸ் ஓடுற ஆளுக்குக் கடிதமே எழுதுறது?"

மூன்றாம் வருடத்துக் கடைசி ரேஸ். கடைசி ஆளாகத் தொடங்கி மூன்றாவதாக வந்தோம். மலரக்கா தறப்பாளுக்குள் உரு வந்து ஆடினார்.

கப் கொடுக்க முன் ஒரு அதிகாரி வந்தான். எங்கள் டயரில் ஏதோ தண்ணி பூசியிருப்பதாக முறைப்பாடாம். டயரில் எதுவும் பூசக்கூடாது, பூசினால் பிடிப்புக் கூடும், அது சட்டம்.

பூசியது நான்தான். அதாவது... ஒவ்வொரு ரேஸுக்கும் வண்டி வெளிக்கிட முன் நாலு சில்லுக்கும் கீழே நாலு தேசிக்காய் வைப்பேன். நசித்துக்கொண்டு போகும். புதுக் கார் எடுத்தால் நாங்கள் எல்லோரும் செய்வதுதானே.

"கிரிப்புக்கா?" என்றான். "நோ நோ, ஃபார் காட்" என்றேன். இரண்டையும் எழுதிக்கொண்டான்.

பிறகு பக்கத்தில் நின்ற பிரமுகரைக் கேட்டான், உங்கள் ஆட்களிடம் இப்படி ஒரு வழக்கம் இருக்கிறதா என்று. பிரமுகர் என்னைப் பார்த்தார். நசிந்து கிடந்த தேசிக்காயைப் பார்த்தார்.

"நெவர் சீன் இட்" என்றார்.

அவருடைய புது வண்டிக்குக் கோயில் வாசலில் தேசிக்காய் வைத்தது யார் தெரியுமா? நான். அதில் ஒன்று சில்லுக்கு நேரே இல்லையென்று குனிந்து தள்ளி வைத்தவர் அவர்.

எங்கள் மூன்றாம் இடம் போயிற்று. கப் நாலாவதாக வந்தவருக்குப் போயிற்று. நாலாவது யார், முறைப்பாடு கொடுத்தது யார்... நான் சொல்ல மாட்டேன். நீங்கள் ஒன்றும் சின்னப் பிள்ளைகள் இல்லை.

கள்ள டீம் என்று பெயர் வந்ததும், அடுத்த வருடத்துக்குக் காசு தர ஓம் சொல்லியிருந்த மசாலாக் கடைக்காரர் போனை எடுக்கவில்லை. அவர் இல்லாமல் எங்களால் ஒரு ரேஸ்கூட ஓட முடியாது.

அண்ணை இரும்புக் கூட்டை வெட்டி எடுத்தார். ரோட்டில் ஓட ரெஜோ, அதுதான் வண்டிப் பதிவு, எடுத்தார். அதே யூட்டில் சாமான் ஏற்றிக்கொண்டு வேலைக்குப் போனார். டீம் அவ்வளவுதான்.

"என்ர தேசிக்காயால எல்லாம் போச்சே" என்று நான் அழ, அண்ணை சொன்னார், "அதுகள் பாவம் பிள்ளை, நாலும் நசிஞ்சு செத்ததுகள். அதுகளைக் குற்றம் சொல்லாதை."

பிரமுகரை ஒரு வார்த்தை திட்டவில்லை. அந்த வேலையை எனக்கு விட்டுவைத்திருக்கிறார்.

நேற்று பிரமுகர் போட்ட பதிவைப் பார்த்திருப்பீர்கள். "தோளோடு தோள் நின்ற பந்தய நண்பன்." படத்தில் அவருக்குப் பின்னால், அலுமாரியில், அந்தக் கப். ஐயா, தூசியையாவது தட்டியிருக்கலாம்.

இன்று மலரக்காவுக்கு போன் எடுத்தார். ஸ்பீக்கரில் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். "செத்தவீட்டில நான் ஒரு அஞ்சு நிமிசம் பேசவேணும் அக்கா."

மலரக்கா மூக்கைச் சிந்தினார். "பேச்சு வேண்டாம் தம்பி. காரில பின்னால வாங்கோ, காணும்."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "உனக்குக் கியர் வண்டி ஓடத் தெரியுமே?"

"முதலாம் கியர் வடிவாத் தெரியும் அக்கா."

"அது காணும்."

வெள்ளிக்கிழமை பதினொரு மணி. முன்னுக்கு யூட், ஓட்டுவது நான். எனக்குப் பின்னால் சவ வண்டியில் அண்ணை. அண்ணைக்குப் பின்னால் குடும்பம். அதற்கும் பின்னால் பிரமுகர், தன் பெரிய காரில், வீட்டிலிருந்து சுடலை வரைக்கும், என்னுடைய முதலாம் கியரில். செத்தவீட்டு ஊர்வலத்தில் முந்த ஏலாது ஐயா.

தேசிக்காய் நாலும் வாங்கி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டேன். முறைப்பாடு கொடுப்பதென்றால் கொடுங்கள். அதிகாரி வந்து கேட்டால் இந்த முறை "நெவர் சீன் இட்" என்று சொல்லப்போவது நான்.

யூட்டின் பின்பக்கம் அந்தப் பழைய பலகையைக் கட்டியிருக்கிறேன், அண்ணைக்கு நேரே தெரிகிற மாதிரி. பழைய எழுத்தை அழித்துவிட்டு எழுதியிருக்கிறேன்...

மெதுவா வாங்கோ அண்ணை.