நாற்பதும் பச்சை

குளிர் விடுமுன்னே தலைநீட்டும் வெள்ளை ஸ்னோடிராப் பூவில், வழக்கமான பச்சைப் புள்ளிக்குப் பதில் மஞ்சள் புள்ளி வைத்த புது ரகம் ஒன்றை உருவாக்கி, இங்கிலாந்தின் வடகோடி நார்தம்பர்லாந்தின் பூப்பித்தர்கள் வாயை அடைத்துவிட வேண்டும் என்பது ஆல்வின் ராப்சனின் வெறி. ரயில்வேயிலிருந்து ஓய்வுபெற்றவருக்கு வேறு வேலையும் இல்லை. அபூர்வமாகக் கிடைத்த ஒரு மஞ்சள் புள்ளிப் பூவின் மகரந்தத்தைத் தூரிகையால் எடுத்துப் பச்சைப் புள்ளிப் பூவில் தடவி, விதை போட்டு, யாரிடமும் மூச்சுவிடாமல் ஐந்து வருடம் காத்திருந்தார். இந்தப் பிப்ரவரியில் நாற்பது செடியும் பூத்தன. நாற்பதிலும் பச்சைப் புள்ளி.

ஞாயிற்றுக்கிழமை பூ வளர்ப்போர் சங்கத்து விருந்தில் பக்கத்து நாற்காலி ஹில்டாவிடம் பொருமித் தீர்த்தார்.

"எல்லாத்தையும் கிழங்கோட பிடுங்கி வேலிச்சருகோட கொளுத்திட்டேன்."

ஹில்டாவின் சூப்புக் கரண்டி பாதியில் நின்றது. "அடப்பாவி! மொதத் தலைமுறை பச்சையாத்தான் வரும். மஞ்சள் உள்ளுக்குள்ள இருக்கும்ப்பா. அதுங்களையே ஒண்ணோட ஒண்ணு சேத்து வெதை எடுத்தா நாலுல ஒண்ணு மஞ்சளாப் பூக்கும். எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"உங்கிட்டதான் மொதல்ல காட்டணும்னு இருந்தேன்."

"சரி, மறுபடி ஆரம்பி. பத்தே வருஷம்."

"எனக்கு எழுபத்தெட்டு, ஹில்டா."

அவள் ரொட்டியைப் பிய்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் சாம்பலைக் குச்சியால் கிளறினார். அடியில் ஒரேயொரு கிழங்கு முழுசாகக் கிடந்தது. எடுத்து மெல்ல அழுத்திப் பார்த்தார். வெந்த வெங்காயம்போல் விரலிடுக்கில் பிதுங்கி வழிந்தது.