வூட்டு ரெக்கார்டருக்கு எதுக்குங்க போன் லைன்?

கண்காணிப்புக் கேமரா விற்கிற கடையில் போன் எடுக்கிறவளுக்குப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம், "ரெக்கார்டருதான் வூட்டுலயே இருக்குதே, அப்பறம் எதுக்குங்க போன் லைன்?" என்ற ஒரே கேள்விக்கு நாள் முழுக்கச் சலிக்காமல் பதில் சொல்லத் தெரிந்தால் போதும்.

போன் எடுத்தே தொண்டை வறண்டவர்களே, உங்களுக்கும் இப்படி ஒரு மனப்பாடப் பதில் இருக்கும். என்னுடையது இது: பதிவு செய்ய லைன் வேண்டாம், ரெக்கார்டர் பெட்டி தானே பதிந்துகொள்ளும், வெளியே இருந்து செல்போனில் பார்க்கத்தான் இன்டர்நெட் லைன். கடை தருமபுரியில், வீடு நல்லம்பள்ளியில். காய்ச்சலில் ஒருமுறை என் பாப்பாவுக்கு வலிப்பு வந்ததிலிருந்து அவள் தூளிக்கு நேராகவும் ஒரு கேமரா மாட்டியிருக்கிறேன். யாரிடம் பேசினாலும் என் ஒரு கண் அந்தப் படத்தில்தான்.

மாட்டுக் கொட்டகை

காரிமங்கலம் பக்கத்து விவசாயி ஒருவர் கொட்டகைக்குக் கேமரா போட்டார். "பொட்டியும் வூட்டுல, நானும் வூட்டுல, லைனு யாருக்கு?" என்று அதை மட்டும் வேண்டாமென்றுவிட்டார். ஒருநாள் சந்தையிலிருந்து பதறிக்கொண்டு கூப்பிட்டார். சினைமாடு கன்று போடுகிற நேரமாம், செல்போனில் பார்க்கணுமாம். லைன் இல்லாமல் முடியாதுங்க, ஆனால் எல்லாம் பதிவாகிவிடும் என்றேன்.

"அப்ப எம் மாடு கன்னு போடறது பொட்டிக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. பொட்டிய வாங்குனது யாருங்க?"

லைனைக் கழற்றச் சொன்ன பாய்

துணிக்கடை பாய் ஒருவர் ஆசையாய் லைன் போட்டுக்கொண்டார். வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே கடையைப் பார்க்கலாமே! சில நாளிலேயே கழற்றச் சொல்லி போன். படம் தெளிவாக இல்லையா என்று கேட்டேன்.

"தெளிவாத்தான் இருக்குது. நான் கல்லாவுல உக்காந்து ஜிலேபிய வாயில வெக்கறதுக்குள்ள வூட்டுல இருந்து போன் வந்துருது. சுகர் இருக்கறவனுக்கு லைன் ஆகாதும்மா!"

என் வீட்டுப் படம்

ஒரு மத்தியானம் தூளி ஆடிக்கொண்டிருந்த படம் அப்படியே நின்றது. திரை கறுத்து, 'ஆஃப்லைன்' என்று வந்தது. பாப்பாவைப் பார்த்துக்கொள்ளும் நாத்தனார் சுமதிக்குப் போன் போட்டால் சுவிட்ச் ஆஃப். லைன் போனாலும் பெட்டி பதியும் என்று எனக்கே சொல்லிப் பார்த்தேன். பதிந்து என்ன? நடந்து முடிந்ததை அப்புறம் காட்டும். என் பிள்ளை மூச்சு விடுகிறாளா என்று எனக்கு இப்போதே தெரியணும்.

பஸ்ஸில் ஏறி உட்காரவும் மழை பிடித்துக்கொண்டது. கான்வென்ட்டில் படித்த ஜெபமெல்லாம் பாதி பாதியாக வந்தது. சொட்டச் சொட்ட வீட்டுக்குள் ஓடினால், பாப்பா வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள். இடி இடித்ததும் சுமதி மோடம் ஒயரைப் பிடுங்கி, செல்போனையும் அணைத்து, தூளிப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். எங்கள் பக்கத்தில் இடி என்றால் எல்லா வீட்டிலும் முதலில் ஒயர்தான் வெளியே வரும். இதை எப்படி மறந்தேன்? அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். அழ அழ உடம்பு லேசானது.

சுமதி துண்டைத் தூக்கிப் போட்டாள். "அழுவறதுன்னா வெளிய போய் அழுவுங்க அண்ணி, இப்பத்தான் அசந்துச்சு!"

லைன் போனால் அந்தப் பெட்டி கலங்குவதே இல்லை; கலங்குவதற்கென்றே வீட்டுக்கு ஒரு அம்மா இருக்கிறாள்.