வாய்க்கால் அறையில் காரட்

எங்கள் வீட்டில் காற்று வரும் அறை ஒன்றே ஒன்று. வாய்க்காலைப் பார்த்த ஜன்னல் அதற்கு மட்டும்தான். என் கணவருக்கு இளைப்பு நோய் கண்டதும் வைத்தியர் அவரை அங்கே படுக்க வைக்கச் சொன்னார். மருந்து பாதி, காற்று பாதி என்றார். எனக்குக் கல்யாணமாகி அப்போது நான்கு வருஷம்கூட ஆகவில்லை.

அந்த ஐப்பசியில் ஊர் முன்சீப் வேலை காலியாயிற்று. கணவரின் அண்ணன், அதாவது என் அத்தான், அதற்கு ஆசைப்பட்டார். அந்த வேலையைக் கொடுக்கிற வெள்ளைக்கார கலெக்டர் துரை தை மாதம் எங்கள் பக்கம் முகாம் வருவார் என்று பேச்சு. எல்லோரும் வாழைத்தாரும் எலுமிச்சம்பழமும் கொண்டுபோய் நிற்பார்கள், நாம் துரையின் ஊர்க் காயையே கொடுத்தால் நம்மை மறக்கமாட்டார் என்பது அத்தானின் கணக்கு. பாளையங்கோட்டையில் ஒரு பங்களாத் தோட்டக்காரனிடம் காரட் விதை வாங்கிவந்தார். நம் வெயில் இதற்கு ஆகாது என்று அவன் சொன்னானாம். உடனே அத்தான் மண்ணெண்ணெய்த் தகரங்களில் ஆற்று மணலும் சாணி உரமும் நிரப்பி வீட்டுக்குள் வளர்க்க முடிவு செய்தார். எந்த அறையில் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் குடும்பங்களில் தம்பி பெண்டாட்டியும் கணவனின் அண்ணனும் நேருக்கு நேர் பேசக் கூடாது. அவர் கூடத்துத் தூணைப் பார்த்துச் சொல்வார். நான் கதவுக்குப் பின்னால் நின்று அவர் மனைவியிடம் சொல்வேன். எல்லார் காதிலும் எல்லாம் விழும். இருந்தாலும் அப்படித்தான்.

"நெல்லறை கதகதப்பா இருக்கும். அவன் அங்கன கிடக்கட்டும்" என்றார் தூணிடம்.

"நெல்லுத் தூசி நெஞ்சுக்குள்ள போவுமேக்கா, சொல்லுங்க" என்றேன்.

"தை வரைக்குந்தான. அதுக்குள்ள செத்தா போவான்?"

அப்படியேதான் சொன்னார். அக்கா அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கணவர் எழுந்து தானே பாயைச் சுருட்டிக்கொண்டார். எனக்கு அத்தான் மேல் வந்த கோபத்தைவிட அவர் மேல் வந்த கோபம் அதிகம். "அண்ணனுக்கு வேலை கிடைச்சா நமக்கும் நல்லதுதானளா" என்றார். பிறகு சிரித்தார். "அந்தச் செடிக்கும் இருமல் இருக்கோ என்னவோ, பாவம்."

நெல்லறையில் கைப்பிடி அகலத்துக்கு ஒரு துவாரம் உண்டு, அவ்வளவுதான். மூட்டையை யார் தொட்டாலும் தூசி பறக்கும். இவர் இருமி இருமிச் சுருண்டு கிடப்பார். பக்கத்து அறையில் செடிகளுக்காக ஜன்னலை விரியத் திறந்து வைத்திருந்தார்கள். அங்கே வாய்க்கால் காற்று யாருக்கும் பயனில்லாமல் வீசிக்கொண்டிருந்தது.

அத்தான் நெல்லைத் தவிர ஒன்றும் பயிர் செய்து அறியாதவர். ஒரு அகன்ற சட்டியில் விதையை நெருக்கமாகத் தூவினார். நான்கு விரல் உயரம் வந்ததும் பண்ணையாளைக் கூப்பிட்டு நாற்றைப் பிடுங்கித் தகரங்களில் வரிசையாக நடச் சொன்னார். நடவு முடிந்ததும் வயலில் போலவே தேங்காய் உடைத்துச் சாமி கும்பிட்டார். அது தப்பென்று வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். நாற்று பிடுங்கி நடாமல் ஒரு பயிர் உண்டா? காரட்டை விதைத்த இடத்தில்தான் விட வேண்டும், பிடுங்கினால் வேர் நுனி அறுந்து பிளந்துபோகும் என்று பல வருஷம் கழித்துத்தான், கொடைக்கானலில் வேலை பார்த்த என் தம்பி சொன்னான்.

செடிகள் வெளிறி, ஜன்னல் பக்கம் சாய்ந்து நெட்டையாக வளர்ந்தன. தையில் துரை வருவதற்கு முந்தின நாள் பிடுங்கினார்கள். ஒன்றாவது நேராக இல்லை. விரல் தடிமனில் ரெண்டு கால், மூன்று கால், உடம்பெல்லாம் ரோமம். பண்ணையாளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அய்யா, இது வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு நிக்குதுல்லா!"

"வாய மூடுலே" என்றார் அத்தான். அவர் முகாமுக்கே போகவில்லை. சாயங்காலம் தூணிடம் வந்து, "பங்குனில தொர மறுபடியும் வாராராம். பெரிய தகரமாப் பாத்து இன்னொரு தடவ போடுவோம்" என்றார்.

நான் கதவைவிட்டு வெளியே வந்தேன். அந்த அறைக்குப் போய் ஒரு தகரத்தைத் தூக்கி முற்றத்தில் வைத்தேன். அடுத்ததையும் தூக்கினேன். இடுப்பு ஒடிந்தது.

"அவ என்ன செய்யுதா, கேளு" என்றார் மனைவியிடம்.

"அக்காவ வச்சுக் கேக்க வேண்டாம். உங்ககிட்டதான் பேசுதேன் அத்தான். இனி ஒரு விதை இந்த அறையில விழுந்துது, எல்லாத்தையும் வாய்க்கால்ல கவுத்திருவேன்."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தான் என்னைப் பார்க்கவும் முடியாமல், பார்க்காமல் இருக்கவும் முடியாமல் நின்றார். அப்புறம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கிப் போய்விட்டார்.

அன்றைக்கே கணவரை அந்த அறைக்குக் கூட்டிவந்தேன். ஈரத் தரையைத் துடைத்துச் சாம்பல் தூவிப் பாய் விரித்தேன். ஜன்னலோரம் சாய்ந்து உட்கார்ந்து ஒரு மூச்சை முழுசாக இழுக்கப் பார்த்தார். முடியவில்லை. பாதியிலேயே இருமல் வந்துவிட்டது.

ஆடி பிறக்கும் முன்னே போய்விட்டார். நெல்லறையில் போடாமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. வைத்தியருக்கும் தெரியவில்லை. ஆனால் அவருக்குச் சேர வேண்டிய மூன்று மாதக் காற்றைச் செடிக்குக் கொடுத்தார்கள், அது எனக்குத் தெரியும். முன்சீப் வேலை வேறு யாருக்கோ போயிற்று.

அத்தான் தம்பியின் மேல் விழுந்து அழுதார். அது பொய் அழுகை இல்லை. தம்பி மேல் அவருக்குப் பிரியம் உண்டு. அந்தப் பிரியத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?